எந்தச் சரிவில் என்று சொல்லுங்கள்

சண்டிகரில் உள்ள பாதுகாப்புப் புவித்தகவலியல் ஆய்வு நிறுவன (டி.ஜி.ஆர்.இ.) இயக்குநர் அவர்களுக்கு,



2025 பிப்ரவரி 27 மாலை உங்கள் நிறுவனம் பனிச்சரிவு எச்சரிக்கை ஒன்றை விடுத்தது. சமோலி, உத்தரகாசி, ருத்ரபிரயாக், பித்தோராகட், பாகேஷ்வர் மாவட்டங்களில் 2400 மீட்டருக்கு மேற்பட்ட இடங்களுக்கு, 24 மணி நேரத்துக்கு. மறுநாள் காலை பத்ரிநாத்துக்கு அப்பால், மாணா அருகே, சாலைப் பணியாளர்களின் முகாம்மீது பனி இறங்கியது. எட்டுப் பேர் இறந்தார்கள். உங்கள் கணிப்பு தப்பவில்லை. தப்பியிருந்தால் இமயத்து வானிலையை நொந்துகொண்டு சும்மா இருந்திருப்பேன்.

சமோலியில் 2400 மீட்டருக்கு மேல் என்றால் ஔலியின் பனிச்சறுக்கு மைதானமும் அதில் அடக்கம், மாணாவைச் சுற்றியுள்ள செங்குத்துச் சரிவுகளும் அடக்கம், 7816 மீட்டர் உயர நந்தாதேவியும் அடக்கம். இந்த எச்சரிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வழிகாட்டி எந்தப் பாதையை விடுவார், எதில் போவார்? மாவட்டத்தையே விட்டுப் போக முடியாது. ஆகவே படித்துவிட்டு, வழக்கமான பாதையிலேயே கிளம்புகிறார்கள்.

பனி எப்படிச் சரிகிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. காற்று முகட்டின் ஒரு பக்கத்துப் பனியைச் சுரண்டி மறுபக்கத்தில் கொட்டுகிறது. அங்கே அது பலகையாக இறுகுகிறது. அடியில், பருவத் தொடக்கத்தில் விழுந்து, குளிரில் சர்க்கரைபோல உதிரியாகிவிட்ட பழைய பனி. சாய்வு 30 முதல் 45 டிகிரிக்குள் இருந்தால் மேலே ஒருவர் நடந்தாலே போதும். மலையேறிகளையும் பனிச்சறுக்கு வீரர்களையும் கொல்லும் சரிவுகளில் பெரும்பாலானவை அவர்களோ கூட வந்தவர்களோ கிளப்பிவிட்டவைதான். அந்தச் சரிவில் கால் வைக்காமல் முகட்டோடு சுற்றிப் போயிருந்தால் அது சரிந்தே இருக்காது. புதைந்த பிறகு, புதைந்தவரின் இடத்தைக் காட்டும் பீக்கனும் மண்வாரியும் எவ்வளவு உதவும்? முதல் கால் மணி நேரம் கடந்துவிட்டால் உயிர் பிழைக்கும் வாய்ப்பு சடசடவென்று விழுகிறது.

டாவோஸில் உள்ள சுவிஸ் பனி ஆய்வு நிறுவனத்தின் அறிக்கை குளிர்காலத்தில் மாலை 5 மணிக்கும் காலை 8 மணிக்கும் வருகிறது. ஐந்து படிகளில் அபாய அளவு, எந்தத் திசை பார்த்த சரிவு, எந்த உயரத்துக்கு மேல், காரணம் புதுப் பனியா, காற்றா, ஈரமா, அடியில் கிடக்கும் பழைய அடுக்கா என்பதெல்லாம் அதில் இருக்கும். 'மூன்று' என்று எண்ணை மட்டும் சொன்னால் யாரும் பயப்படுவதில்லை. அங்கே அதிகம் பேர் இறப்பதும் அந்த மூன்றில்தான்.

இமயம் ஆல்ப்ஸ் அல்ல, கருவிகள் குறைவு, எல்லைப் பகுதி வேறு என்பீர்கள். நியாயம்தான். உங்கள் ஆய்வுப் பணி ராணுவத்தை ஒட்டி வளர்ந்தது. 2016 பிப்ரவரியில் சியாச்சினில் 19ஆவது மெட்ராஸ் படைப்பிரிவின் பத்து வீரர்களைப் பனி கொண்டுபோனதை நாங்களும் மறக்கவில்லை. ராணுவச் சாவடிகளின் விவரம் எங்களுக்கு வேண்டாம். குல்மார்க், சோலங், ஔலி, கேதார்காந்தா ஏறுகிறவர்கள் கூடும் சாங்க்ரி ஆகிய நான்கு இடங்களுக்கு மட்டும் திசையும் காரணமும் சேர்ந்த அறிக்கை வரட்டும். கேதார்காந்தாவுக்கு டிசம்பரில் சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் பிள்ளைகள் போகிறார்கள். பலருக்கும் வாழ்க்கையில் முதல் பனியே அதுதான்.

தகவல் தர ஆள் இல்லை என்பதை மட்டும் ஒப்ப மாட்டேன். சுவிஸ் அறிக்கைக்குப் பின்னால் சுமார் 200 பார்வையாளர்கள் இருக்கிறார்கள். இங்கே சாங்க்ரி வழிகாட்டிகள் தினமும் பனியில் நடக்கிறார்கள். நேற்று எங்கே சரிந்தது, காலடியில் எங்கே விரிசல் ஓடியது, எங்கே பனி 'தொம்' என்று அமுங்கியது என்பதைச் சொல்ல அவர்களுக்குப் பட்டம் வேண்டாம். சில நாள் பயிற்சியும், அழைத்தால் எடுக்க உங்கள் பக்கம் ஓர் ஆளும் போதும்.

இந்த அறிக்கை குளிர்காலத்தோடு நின்றுவிடவும் கூடாது. திரௌபதி கா தண்டா சிகரத்தில் பயிற்சிக்கு ஏறியவர்களில் 29 பேரைப் பனி கொண்டுபோனது 2022 அக்டோபர் 4 அன்று. உச்சி ஏறுகிறவர்களுக்கு மே, ஜூன், செப்டம்பர், அக்டோபர்தான் பருவம்.

நான்கும் ஒரே ஆண்டில் முடியாதென்றால் சாங்க்ரியிலிருந்து தொடங்குங்கள். மாலை ஐந்து மணிக்கே இந்தியில் அச்சிட்டுக் கடைவீதியில் ஒட்டிவிடுங்கள். மேலே முகாம்களில் சிக்னல் கிடைக்காது.

இப்படிக்கு,
பனிமலை ஏறும் ஒரு தமிழன்