திரையில் வரும் எண்ணை நம்ப வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

'மைக்ரோசாஃப்டிலிருந்து பேசுகிறோம், உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்துவிட்டது' என்று வரும் அழைப்பை நம்பி முதியவர்கள் சேமிப்பை இழப்பது நெஞ்சைப் பிசைகிறது. அந்நிறுவனம் யாரையும் தானாகக் கூப்பிட்டு இப்படிச் சொல்வதில்லை. திரையில் தோன்றும் அதன் உண்மையான எச்சரிக்கைகளில் தொலைபேசி எண்ணும் இருக்காது.

பயமுறுத்தும் விதம்தான் கொடுமை. விண்டோஸில் 'ஈவென்ட் வியூவர்' என்ற பகுதியைத் திறக்கச் சொல்வார்கள். சிவப்புக் குறிகள் வரிசையாகத் தெரியும். நன்றாக ஓடும் கம்ப்யூட்டரிலும் அவை இருக்கும் என்பது பலருக்குத் தெரியாது. பதறிப்போனவரை எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற செயலியை நிறுவ வைத்து, கம்ப்யூட்டரையே தங்கள் வசமாக்கிக்கொள்வார்கள். செயலிகள் முறையானவைதாம், முன்பின் தெரியாதவருக்கு அனுமதி கொடுப்பதுதான் ஆபத்து.

கொடுத்துவிட்டீர்களா? உடனே இணையத்தைத் துண்டியுங்கள். வேறொரு கருவியிலிருந்து வங்கி, மின்னஞ்சல் கடவுச்சொற்களை மாற்றுங்கள். அந்தச் செயலியை நீக்குங்கள். பணம் போயிருந்தால் வங்கிக்கும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் அந்த நிமிடமே சொல்லுங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கைப்படி, இழப்பு நம் கவனக்குறைவால் நேர்ந்திருந்தாலும், வங்கியிடம் தெரிவித்த பிறகு போகும் பணத்துக்கு வங்கியே பொறுப்பு. வீட்டாருக்குப் பயந்து மறைக்கும் நேரத்தில்தான் மிச்சமும் போகிறது. பிள்ளைகள் தயவுசெய்து பெற்றோரைத் திட்டாதீர்கள்.

'இழந்ததை மீட்டுத் தருகிறோம்' என்று கட்டணம் கேட்டு அடுத்து வரும் அழைப்பும் மோசடியே.

வங்கிகள் பாஸ்புக்கின் முதல் பக்கத்திலேயே 1930ஐப் பெரிதாக அச்சிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருச்சி