முளையைப் பார்ப்பது எதற்காக?

"விளையும் பயிர் முளையிலே தெரியும்" என்பது நம் நாட்டுப் பழமொழி. குழந்தைகளின் படிப்பைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் பெரியவர்கள் பலர் இதை எடுத்துக் கூறக் கேட்டிருக்கிறோம். முதல் வகுப்பில் முதலாவதாக வந்த குழந்தை மருத்துவராகிவிடும் என்றும், நாற்பதாவதாக வந்த குழந்தை தேறாது என்றும் இந்தப் பழமொழியின் துணையோடு தீர்ப்பும் வழங்கிவிடுகிறார்கள். ஆனால் இதே பழமொழியை ஓர் உழவரிடம் சொல்லிப் பாருங்கள். அவர் முளையைப் பார்ப்பது தீர்ப்பு வழங்குவதற்காக அன்று. எந்தப் பாத்திக்குத் தண்ணீர் ஏறவில்லை, எங்கே களை மண்டியிருக்கிறது, எங்கே பூச்சி விழுந்திருக்கிறது என்று கண்டுகொள்ளவே அவர் நாள்தோறும் வரப்பில் நடக்கிறார். தொடக்கப்பள்ளியில் ஒரு சிறு குழந்தை எவ்வாறு கற்று வருகிறது என்று பார்ப்பதும் இவ்வாறே இருத்தல் வேண்டும் என்பது எங்கள் கருத்து.

இதைப் பற்றிப் பேச பத்தாம் வகுப்பு மாணவியராகிய எங்களுக்கு என்ன தகுதி உண்டு என்று சிலர் கேட்கலாம். பத்து ஆண்டுகளாக அளக்கப்பட்டு வருபவர்கள் நாங்கள். இவ்வாண்டு அரசுப் பொதுத் தேர்வும் எழுத இருக்கிறோம். மேலும், வாரம் ஒரு நாள் மதிய இடைவேளையில் தொடக்கப்பள்ளிக் கட்டடத்திற்குச் சென்று, முதல் இரண்டு வகுப்புக் குழந்தைகள் வாசிப்பதைப் பக்கத்தில் அமர்ந்து கேட்டு வருகிறோம். ஆகவே அளக்கப்படுவது எப்படியிருக்கும் என்பதும், அருகிலிருந்து கவனிப்பது எப்படியிருக்கும் என்பதும் எங்களுக்கு ஓரளவு தெரியும்.

ஆண்டுக்குச் சில முறை பள்ளியிலிருந்து வீட்டுக்குச் செல்லும் அந்த அட்டையின் மேல் 'தேர்ச்சி அறிக்கை' என்று அச்சிட்டிருக்கும். ஆனால் அதை யாராவது அப்பெயரால் அழைக்கிறோமா? "ரேங்க் கார்டு வந்துவிட்டதா?" என்றுதானே எல்லா வீடுகளிலும் கேட்கிறார்கள்! பெயரிலேயே நம் மனம் வெளிப்பட்டு விடுகிறது. அப்பா கையெழுத்துப் போடுமுன் தேடுவது அந்த ஒரே எண்ணைத்தான். அடுத்த கேள்வி, "பக்கத்து வீட்டுப் பிள்ளை எத்தனையாவது?" என்பதாகும். குழந்தை சென்ற மாதம் எதை அறியாதிருந்தது, இந்த மாதம் எதை அறிந்துகொண்டது என்று கேட்பவர் மிகச் சிலரே.

மதிப்பெண் பொய் சொல்வதில்லை. ஆனால் அது மிகக் குறைவாகவே சொல்லும். தமிழில் இரு குழந்தைகள் நூற்றுக்கு 55 வாங்கியதாக வைத்துக்கொள்வோம். ஒரு குழந்தைக்கு எழுத்துகள் எல்லாம் தெரியும். குறிலையும் நெடிலையும் மட்டும் மாற்றி, 'படம்' என்பதைப் 'பாடம்' என்று வாசிக்கிறது. மற்றொரு குழந்தையோ பாடத்தை முழுவதும் மனப்பாடமாக ஒப்புவிக்கிறது. விரல் ஒரு வரியிலும் வாய் வேறொரு வரியிலும் போகின்றன. பக்கத்தின் நடுவில் ஒரு சொல்லைத் தொட்டுக் கேட்டால் திகைத்து நிற்கிறது. இருவருக்கும் ஒரே எண். ஆனால் முதற் குழந்தைக்கு வேண்டிய உதவி வேறு. இரண்டாவது குழந்தைக்கு வேண்டிய உதவி வேறு. கணக்கிலும் இதே கதைதான். ஒன்று முதல் நூறு வரை மூச்சு விடாமல் சொல்லும் குழந்தையிடம், "பதினேழு புளியங்கொட்டை எடுத்துக் கொடு" என்றால் கை தடுமாறுகிறது. 12-ஐயும் 21-ஐயும் ஒன்றாக நினைக்கும் குழந்தைக்குக் கூட்டல் வாய்ப்பாட்டை எத்தனை முறை எழுதச் சொல்லி என்ன பயன்?

நம் மொழியை எடுத்துக்கொண்டால், உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247 எழுத்துகள். நமக்கு இன்று இவை மூச்சு விடுவதுபோல் எளிதாகிவிட்டன. ஐந்து வயதுக் குழந்தைக்கு அப்படியா? துணைக்கால் எழுத்துக்குப் பின்னால் வருகிறது; ஒற்றைக் கொம்பு முன்னால் வருகிறது; 'கொ' என்றாலோ இரு பக்கமும் வந்து நிற்கிறது. காதில் 'க' முதலில் கேட்கிறது. கண்ணில் கொம்பு முதலில் தெரிகிறது. ண, ன என்றும், ல, ள, ழ என்றும், ர, ற என்றும் எத்தனை வேறுபாடுகள்! இந்தக் காட்டைக் கடக்க ஒரு குழந்தைக்கு ஆறு மாதமும் மற்றொரு குழந்தைக்கு ஒன்றரை ஆண்டும் ஆகலாம். தாமதமாகக் கடந்த குழந்தை பின்னர் நன்றாக வாசிப்பதை நாங்களே கண்டிருக்கிறோம். ஆனால் எந்த இடத்தில் நிற்கிறது என்று யாரும் கவனிக்காத குழந்தை அங்கேயே நின்றுவிடுகிறது.

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி முதல் வகுப்பை வேறொரு பள்ளியில் படித்தவள். அங்கு 41 பேரில் அவளுக்கு 38-ஆவது இடம். கரும்பலகையில் உள்ளதைத் தப்பும் தவறுமாக எழுதுகிறாள் என்று அவளைக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்தார்கள். இரண்டு ஆண்டுகள் சென்ற பின்னரே அவளுக்குக் கிட்டப்பார்வை என்று ஒரு கண் மருத்துவர் சொன்னார். கண்ணாடி போட்ட பிறகு அவளுடைய கையெழுத்தும் மாறியது, நடையும் மாறியது. அந்த இரண்டு ஆண்டுகளிலும் அவளுடைய அட்டையில் எல்லாக் கட்டங்களும் ஒழுங்காக நிரப்பப்பட்டிருந்தன. கண் தெரியவில்லை என்பதற்கு மட்டும் அதில் ஒரு கட்டம் இல்லை. அவளை முன் பெஞ்சுக்கு மாற்றிப் பார்க்கவும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

குழந்தையை உற்று நோக்குவதே ஆசிரியரின் முதற் கடமை என்று கூறியவர் மரியா மாண்டிசோரி அம்மையார். இத்தாலி நாட்டு மருத்துவரான அவர் 1907-ஆம் ஆண்டு ரோம் நகரில் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். 1939-இல் நம் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். உலகப் போர் மூண்டதால் 1946 வரை இந்தியாவிலேயே தங்கும்படி ஆயிற்று. கொடைக்கானலிலும் சில காலம் வாழ்ந்தார். ஒரு மருத்துவர் நோயாளியைக் கவனிப்பதுபோல் பொறுமையாகக் குழந்தையைக் கவனித்துக் குறித்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் வழி.

பிரான்சு நாட்டில் ஆல்பிரட் பினே என்னும் அறிஞர் 1905-இல் சைமன் என்பவருடன் சேர்ந்து ஒரு சோதனையை உருவாக்கினார். பள்ளியில் தனிக் கவனிப்பு தேவைப்படும் குழந்தைகளை அடையாளம் காண்பதே அதன் நோக்கம். பின்னாளில் வேறு நாடுகளில் அதே சோதனை, மனிதரை மேல் கீழ் என்று வரிசைப்படுத்தும் கருவியாகிவிட்டது. உதவிக்காகச் செய்த அளவுகோல் எவ்வளவு எளிதில் தடியாக மாறிவிடுகிறது பாருங்கள்!

நம் நாட்டுச் சட்டமும் எங்கள் பக்கமே இருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், குழந்தை அச்சமின்றிக் கற்க வேண்டும் என்றும், அதன் புரிதலை முழுமையாகவும் தொடர்ச்சியாகவும் மதிப்பிட வேண்டும் என்றும் கூறுகிறது. தமிழ்நாட்டில் 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கி, 2007-இல் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றலில், குழந்தைகள் பாயில் வட்டமாக அமர்ந்து, அட்டைகளை எடுத்து, ஏணிப்படிபோல் அவரவர் வேகத்தில் ஏறினார்கள். 2022-இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. அதில் குழந்தைகள் இருக்கும் நிலைக்கு அரும்பு, மொட்டு, மலர் என்று அழகான பெயர்கள் இட்டார்கள்.

அத்திட்டம் வந்த காரணத்தையும் நாம் மறக்கலாகாது. நாங்கள் தொடக்கப்பள்ளியில் இருந்தபோது, 2020 மார்ச்சு மாதம் கொரோனாவினால் பள்ளிகள் மூடப்பட்டன. தமிழ்நாட்டில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் முதல் நாள்தான் பள்ளி மீண்டும் திறந்தது. அக்காலத்தில் பள்ளியில் சேர்ந்த குழந்தைகள் பலர் வகுப்பறையைக் காணாமலே இரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்டார்கள். 'அசர்' என்னும் ஆய்வில், வீடு வீடாகச் சென்று ஒவ்வொரு குழந்தையையும் தனியே வாசிக்கச் சொல்லிப் பார்க்கிறார்கள். இந்தியாவின் ஊர்ப்புறங்களில் மூன்றாம் வகுப்புக் குழந்தைகளுள் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கக் கூடியவர்கள் 2018-இல் நூற்றுக்கு 27.3 பேர், 2022-இல் 20.5 பேர், 2024-இல் மீண்டும் 27.1 பேர். அப்படியானால் நன்றாக இருந்த காலத்திலும் நால்வரில் மூவர் பின்தங்கியே இருந்திருக்கிறார்கள்! ஆகவே அளக்கவே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அளக்காமல் விட்டால் இவ்வுண்மை நமக்குத் தெரிந்தே இராது. அளந்த பின் என்ன செய்கிறோம் என்பதே கேள்வி.

"போட்டி இல்லாவிட்டால் பிள்ளைகள் சோம்பேறிகளாகிவிடுவார்கள்" என்று பெற்றோர் சிலர் கூறுகின்றனர். ஓட்டப்பந்தயத்தில் போட்டி இருக்கட்டும். நாங்களும் ஓடத் தயார். ஆனால் நடக்கக் கற்கும் குழந்தைகளைப் பந்தயத்தில் நிறுத்துவார் உண்டா? மேலும் ஒன்று. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத் தேர்வுகளில் மாநில அளவில் முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழக அரசு 2017-இல் நிறுத்திவிட்டது. பதினைந்து வயதான எங்களுக்கே அந்தச் சுமை வேண்டாம் என்று அரசு எண்ணியிருக்க, ஐந்து வயதுத் தம்பி தங்கையர் மீது அதை ஏற்றலாமா?

"ஐம்பது குழந்தைகளைத் தனித்தனியே கவனித்து எழுத ஆசிரியைக்கு நேரம் ஏது?" என்பது மற்றொரு மறுப்பு. இது உண்மையான குறை. நூறு கட்டங்களை நிரப்பச் சொன்னால் ஆசிரியையின் கண் குழந்தையை விட்டுக் காகிதத்திற்குப் போய்விடும். எனவே குறிப்பு சிறிதாக இருக்கட்டும். ஒரு குழந்தைக்கு மாதம் ஒரு முறை மூன்றே வரி போதும்: எது வந்துவிட்டது, எது இன்னும் வரவில்லை, அடுத்து என்ன செய்யப் போகிறோம். நாளொன்றுக்கு மூன்று குழந்தைகளை அருகே அழைத்து வாசிக்கச் சொன்னால் ஒரு மாதத்தில் வகுப்பு முழுவதும் முடிந்துவிடும்.

பெயரை மாற்றினால் மட்டும் போதாது என்பதையும் சொல்லியாக வேண்டும். மனம் மாறாவிட்டால் அரும்பும் மொட்டும்கூட ரேங்காகிவிடும். "நீ இன்னும் அரும்புதானா?" என்று ஒரு குழந்தை மற்றொன்றைக் கேலி செய்தால், பெயரின் அழகு என்ன செய்யும்?

ஆகவே எங்கள் வேண்டுகோள்களைப் பணிவுடன் முன்வைக்கிறோம். எங்கள் அன்பிற்குரிய அருட்சகோதரியரே! முதல் மூன்று வகுப்புகளின் அட்டையிலிருந்து ரேங்க் என்னும் கட்டத்தை எடுத்துவிடுங்கள். அவ்விடத்தில் அந்த மூன்று வரிகளை எழுதச் செய்யுங்கள். பின்தங்கும் குழந்தைக்கு முதலில் கண்ணையும் காதையும் சோதிக்க ஏற்பாடு செய்யுங்கள். காலையில் சாப்பிட்டு வந்ததா என்றும் ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள்.

பெற்றோரே! எழுதப் படிக்கத் தெரியாத தாய்மாரும் உங்களுள் இருக்கலாம். அதனால் உங்களால் ஒன்றும் செய்ய இயலாது என்று எண்ண வேண்டாம். இரவில் பத்து நிமிடம் பிள்ளையை மடியருகே அமர்த்தி, "இன்று படித்ததை எனக்குச் சொல்லு கண்ணு" என்று கேளுங்கள். அது எங்கே தயங்குகிறது என்று உங்கள் காதுக்கே தெரியும். அதை மறுநாள் ஆசிரியையிடம் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். சென்ற மாதத்து உங்கள் பிள்ளையோடு ஒப்பிடுங்கள்.

மாணவத் தோழியரே! நமக்கும் இதில் பங்குண்டு. மேல்வகுப்பு மாணவியர் ஒவ்வொருவரும் ஒரு சிறு குழந்தையைப் பொறுப்பேற்று, வாரம் பதினைந்து நிமிடம் அது வாசிப்பதைக் கேட்போம். திருத்துவதற்கு அவசரப்படாமல், கேட்பதற்கு முதலில் கற்றுக்கொள்வோம். வரும் மார்ச்சில் நாங்கள் தேர்வெழுதிவிட்டுச் சென்றுவிடுவோம். எங்கள் இடத்தில் அமரப்போகும் ஒன்பதாம் வகுப்புத் தங்கையரே, புதன்கிழமை மதியம் அந்தக் குழந்தைகள் புத்தகத்தோடு வாசலில் காத்திருப்பார்கள். மறவாமல் சென்று வாருங்கள்.

— பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு