சின்னக் குத்துதான் சார்

1/ ஒரு சின்னக் காயத்தைப் பற்றிக் கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன். வீட்டில் ஐடிஐ படிக்கிற பிள்ளை இருந்தால், மெக்கானிக் ஷெட்டில் தொழில் கத்துக்கிற தம்பி யாரையாவது தெரிந்திருந்தால், பொறுமையாகக் கடைசி வரை படிங்க. மற்றவர்களும் படிக்கலாம். நம்ம வண்டியும் அவங்க கையில்தான் இருக்கு.

2/ கேஷுவாலிட்டி டூட்டி. சாயங்காலம் ஏழு மணி இருக்கும். பதினெட்டு வயசுப் பையன், மோட்டார் மெக்கானிக் இரண்டாம் வருஷம். (ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) இடது ஆள்காட்டி விரல் நுனியில் குண்டூசி குத்தின மாதிரி ஒரு புள்ளி. ரத்தம்கூட இல்லை. "சின்னக் குத்துதான் சார், டிடி ஊசி மட்டும் போட்டு விடுங்க" என்றான்.

3/ விரலைத் தொட்டேன். கல் மாதிரி இறுகியிருந்தது. நுனி வெளுத்து, உணர்ச்சி குறைவு. "எப்படிப்பா ஆச்சு?" என்று கேட்டேன். டீசல் இன்ஜெக்டரைக் கழற்றி, டெஸ்டரில் மாட்டி, கைப்பிடியை அழுத்திப் பார்த்திருக்கிறார்கள். ஸ்ப்ரே சரியா வருதான்னு பார்க்க விரலை முன்னால நீட்டியிருக்கான். அப்போ மணி காலை பதினொன்று.

4/ இங்கேதான் விஷயம். கார் டயரில் நாம் அடிக்கிற காற்று 2 பார் சொச்சம். மனிதத் தோலைத் துளைத்து உள்ளே போக ஏறக்குறைய 7 பார் அழுத்தம் போதும். அந்த டெஸ்டரில் இன்ஜெக்டர் திறக்கிற அழுத்தம் 150 முதல் 250 பார் வரை இருக்கும். இப்போதைய காமன் ரெயில் வண்டிகளில் 1500, 2000 பார் எல்லாம் சாதாரணம்.

5/ வெளியே ஒரு புள்ளிதான் தெரியும். உள்ளே டீசல் தசைநாண் உறை வழியாக உள்ளங்கை வரைக்கும்கூட ஓடியிருக்கும். அது சதையை அரிக்கும், வீங்கும், அந்த வீக்கம் ரத்தக் குழாயை நெரிக்கும். கிரீஸ் கன், பெயிண்ட் ஸ்ப்ரே கன் எல்லாவற்றிலும் இதே கதைதான். மருத்துவ இதழ்களில் பதிவான இந்த வகைக் காயங்களைத் தொகுத்துப் பார்த்தால், பத்தில் மூன்று பேருக்கு விரலையோ அதன் ஒரு பகுதியையோ எடுக்க வேண்டி வந்திருக்கிறது.

6/ உடனே மெடிக்கல் காலேஜுக்கு அனுப்பினோம். ராத்திரியே விரலைத் திறந்து சுத்தம் செய்தார்கள். ஆனாலும் எட்டு மணி நேரம் போயிருந்தது. மேல் இரண்டு கணுக்களையும் காப்பாற்ற முடியவில்லை. அந்த எட்டு மணி நேரத்தில் அவன் செய்தது: பெட்ரோலில் கை கழுவினான், பிளாஸ்டர் ஒட்டினான், மிச்ச வேலையை முடித்தான், பஸ் பிடித்து வீட்டுக்குப் போனான்.

7/ சில வாரம் கழித்து டிரெஸ்ஸிங்குக்கு எங்களிடமே வந்தான். மனசு கேட்காமல் கேட்டேன். "தம்பி, ஸ்ப்ரேக்கு முன்னாடி கை வைக்கக் கூடாதுன்னு உனக்குச் சொல்லித் தரலையா?"

"புக்ல இருக்கு சார். பரீட்சைல எழுதிருக்கேன்."

"அப்புறம் ஏன் வெச்ச?"

"எங்க சார் அப்படித்தான் சார் பார்ப்பாரு."

8/ அந்தப் பதில் என்னைச் சும்மா விடவில்லை. ஏன்னா அதே பதிலை நானும் ஒருமுறை சொல்லியிருக்கேன். ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது, போட்டு முடித்த ஊசிக்கு மூடியைத் திரும்ப மாட்டப் போய் விரலில் குத்திக்கொண்டேன். மூடி மாட்டவே கூடாது என்று எனக்குத் தெரியும். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். ஆனால் வார்டில் சீனியர்கள் எல்லாரும் மாட்டினார்கள். என் கை அவர்களைத்தான் படித்திருந்தது, புத்தகத்தை இல்லை.

9/ 28 நாள் எச்ஐவி தடுப்பு மாத்திரை சாப்பிட்டேன். அந்த 28 நாளும் வீட்டில் அம்மா முகத்தை நேராகப் பார்க்கவில்லை. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பையனுக்கு ஆகிவிட்டது. எங்களுக்குள் வித்தியாசம் அதிர்ஷ்டம் மட்டும்தான். புத்திசாலித்தனம் இல்லை.

10/ அதனால் நான் சொல்ல வருவது ஒன்றுதான். தொழிற்பயிற்சியில் 'பாதுகாப்பு' என்று ஒரு பாடத்தை முதல் வாரமே நடத்தி, சுவரில் போர்டு மாட்டி, கேள்வி கேட்டு மார்க் போட்டால் போதாது. டூலைப் பிடிக்கச் சொல்லித் தரும்போதே, அதே கையசைவுக்குள்ளேயே அது இருக்கணும். ஏன் அப்படி என்கிற காரணத்தோடு இருக்கணும். சில உதாரணம் சொல்கிறேன்.

11/ ஜாக்கி. ஜாக்கி தூக்குவதற்கு. தாங்குவதற்கு ஸ்டாண்ட். ஆயில் சீல் கசிந்தால், தரை சரிந்திருந்தால், யாரோ கதவை அடித்துச் சாத்தினால்கூட வண்டி இறங்கிவிடலாம். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் முட்டுக் கொடுக்க ஆகாது. விரிசல் காட்டாமல் பட்டென்று நொறுங்கும். ஆக, 'வண்டியைத் தூக்குவது' என்கிற பாடமே இப்படி இருக்கணும்: சக்கரத்துக்குக் கட்டை, ஜாக்கி, ஸ்டாண்ட், வண்டியை ஸ்டாண்ட் மேல் இறக்கு, உலுக்கிப் பார், பிறகுதான் தலை உள்ளே. இது ஆறு படி கொண்ட ஒரே வேலை. ஸ்டாண்டை விட்டுட்டா வேலையே தெரியலைன்னு அர்த்தம்.

12/ உளி. அடித்து அடித்து உளியின் தலை காளான் மாதிரி விரிந்திருக்கும். அடுத்த அடியில் அந்த ஓரம் தெறிக்கும். இரும்பு மேல் இரும்பு அடிக்கும்போது தெறிக்கிற துகள் கண்ணுக்குள்ளேயே புகுந்துவிடும். பல சமயம் பெரிய வலிகூட இருக்காது. "ஏதோ தூசி" என்று துணி முனையால் துடைத்துவிட்டு வேலையைத் தொடர்வார்கள். உள்ளே தங்கின இரும்பு, போகப் போகப் பார்வையையே கெடுக்கும். விரிந்த உளியைக் கிரைண்டரில் தேய்த்துச் சரி பண்ணுவதும், கண்ணாடி மாட்டுவதும், உளி பிடிக்கிற பாடத்தின் முதல் இரண்டு வரி.

13/ இதில் டாக்டராக ஒரு கூடுதல் தகவல். கண்ணில் இரும்புத் துகள் போயிருக்கலாம் என்கிற சந்தேகம் இருந்தால், பின்னாளில் எதற்காக எம்ஆர்ஐ எடுக்கப் போனாலும் அதை மறக்காமல் சொல்லுங்கள். காந்தம் அந்தத் துகளை நகர்த்தினால் கண் போய்விடும். லேத், கிரைண்டர், வெல்டிங் வேலை பார்த்த எல்லாருக்கும் இது பொருந்தும்.

14/ பேட்டரி. கழற்றும்போது முதலில் நெகட்டிவ். ஏன்? வண்டியின் பாடி முழுக்க நெகட்டிவ்வோடு சேர்ந்திருக்கு. நெகட்டிவ்வைக் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் பட்டாலும் ஒன்றும் ஆகாது. பாசிட்டிவ்வை முதலில் தொட்டு, ஸ்பேனர் பாடியில் பட்டால் ஷார்ட். கையில் காப்போ மோதிரமோ நடுவில் மாட்டினால் பழுத்துச் சதையைச் சுட்டுவிடும். சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும், ஒரு பொறி போதும். இந்தக் காரணத்தைச் சொல்லிக்கொடுத்த பையனுக்கு வரிசை மறக்காது. வரிசையை மட்டும் மனப்பாடம் செய்தவன் பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுவான்.

15/ கிளவுஸ். இதுதான் முக்கியம். 'சேஃப்டின்னா எல்லாத்தையும் மாட்டிக்கோ' என்று பொதுவாகச் சொல்லிக்கொடுத்தால் என்ன ஆகும் தெரியுமா? ட்ரில்லிங் மெஷினிலும் கிளவுஸ் போட்டுக்கொண்டு நிற்பான். சுற்றுகிற பிட் கிளவுஸ் நூலைப் பிடித்தால் நூல் அறுவதற்கு முன்னால் விரல் போய்விடும். சுற்றுகிற மெஷினில் கிளவுஸ் கூடாது, மணிக்கட்டில் கயிறு கூடாது, தொங்குகிற சட்டைக் கை கூடாது. டூல் தெரியாமல் சேஃப்டி மட்டும் தெரிந்தால் அதுவே ஆபத்து.

16/ "நாங்கல்லாம் அந்தக் காலத்துல கண்ணாடி போட்டா கத்துக்கிட்டோம்? எங்களுக்கு என்ன ஆச்சு?" என்று பல மூத்த மெக்கானிக்குகள் கேட்பார்கள். மரியாதையோடு ஒரு பதில். அண்ணே, யாருக்கு ஏதோ ஆச்சோ, அவங்க இப்போ ஷெட்டில் இல்லை. பாதியிலேயே தொழிலை விட்டுப் போயிட்டாங்க. அவங்களை நாங்க ஆஸ்பத்திரியில பார்த்தோம். ஷெட்டில் மிஞ்சினவங்களை மட்டும் எண்ணினால் கணக்கு எப்போதும் நல்லாத்தான் வரும்.

17/ "கண்ணாடி போட்டா வேர்த்து மங்குது சார்" என்பார்கள். இது உண்மை. மே மாதத்தில் தகர ஷெட்டுக்குள் நின்று பார்த்தால்தான் தெரியும். ஆனால் பல இடங்களில் நான் பார்த்தது இருபது பேருக்கு ஒரே கண்ணாடி, அதுவும் கீறல் விழுந்து பனி படிந்த மாதிரி. அதைப் போட்டால் யாருக்குத்தான் கண் தெரியும்? நூறு, இருநூறு ரூபாய்க்குக் காற்றோட்டம் உள்ள கண்ணாடி கிடைக்கிறது. ஆளுக்கு ஒன்று கொடுங்கள். தனக்கென்று இருப்பதைப் பையன் துடைத்து வைத்துக்கொள்வான்.

18/ இன்னொன்றையும் நியாயமாகச் சொல்லணும். அந்தப் பையனின் பயிற்றுநர் ஒருநாள் அவனோடு வந்தார். அவர்மேல் கோபத்தோடுதான் பேச ஆரம்பித்தேன். அவர் தலை குனிந்தபடி, "எனக்கும் யாரும் அப்படிக் காட்டித் தரல சார். நானும் பார்த்துப் பார்த்துக் கத்துக்கிட்டவன்தான்" என்றார். ஒரே ஆளாக இருபதுக்கும் மேற்பட்ட பசங்களைப் பார்த்துக்கொள்கிறார். கெட்டவர் இல்லை. எங்கள் வார்டு சீனியர்களும் கெட்டவர்கள் இல்லை. இப்படித்தான் ஒரு தப்பு தலைமுறை தாண்டிப் போகிறது. அதை ஒரு தலைமுறையில் அறுக்கணும்னா பயிற்றுநரின் கையிலிருந்துதான் ஆரம்பிக்கணும்.

19/ பயிற்சி நிலையங்களுக்கு என் கோரிக்கை மூன்று.
ஒன்று: பயிற்றுநர் பட்டறைக்குள் நுழையும்போதே அவர் முகத்தில் கண்ணாடி இருக்கட்டும், ஐந்து நிமிட வேலையானாலும்.
இரண்டு: சேஃப்டி மார்க் தாளில் ஒரு கட்டமாக மட்டும் இருக்க வேண்டாம். ஸ்டாண்ட் இல்லாமல் உள்ளே குனிந்தால் அந்த வேலை அங்கேயே நிற்கட்டும், முதலிலிருந்து தொடங்கட்டும்.
மூன்று: முதல் வருஷப் பையன்கூட "நிறுத்துங்க" என்று சொன்னால் எல்லாரும் நிறுத்தணும். அவன் சொன்னது தப்பாக இருந்தாலும் திட்டக் கூடாது.

20/ பெற்றோர்களுக்கு. சேர்க்கும்போது ஃபீஸ், பிளேஸ்மென்ட் கேட்கிறோம். கூடவே பட்டறையை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். ஜாக்கிக்கு ஸ்டாண்ட் இருக்கா? கண்ணில் ஆசிட் பட்டால் கழுவ ஓடுகிற தண்ணீர்க் குழாய் எத்தனை அடி தூரத்தில்? அரத்துக்குக் கைப்பிடி இருக்கா? படிப்பு முடிந்து அப்ரென்டிஸாகச் சேர்ந்தால், 1961 தொழில் பழகுநர் சட்டப்படி பயிற்சியில் ஏற்படும் காயத்துக்கு இழப்பீடு தர முதலாளிக்குப் பொறுப்பு உண்டு. காயம் பட்ட அன்றே ஆஸ்பத்திரியில் "வேலை செய்யும்போது ஏற்பட்டது" என்று பதிவு செய்யச் சொல்லுங்கள்.

21/ வண்டி விடுகிற நமக்கும் ஒன்று. "எவ்ளோ நேரம் தம்பி, சீக்கிரம்" என்று நாம் நிற்கிற இடத்தில்தான் அவன் ஸ்டாண்டை எடுக்கப் போகாமல் அப்படியே அடியில் படுக்கிறான். அடுத்த முறை, "ஸ்டாண்ட் போட்டுக்கப்பா, நான் வெயிட் பண்றேன்" என்று சொல்லுங்கள். இரண்டு நிமிஷம்தான்.

22/ உடனே ஓடி வர வேண்டியவை, ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள்:
• பிரஷரில் டீசல், கிரீஸ், பெயிண்ட் தோலுக்குள் போனால், வலி இல்லாவிட்டாலும் உடனே அறுவை சிகிச்சை வசதி உள்ள ஆஸ்பத்திரி. வரும் வழியில் எதுவும் சாப்பிட வேண்டாம். "பிரஷரில் உள்ளே போச்சு" என்று வாய் விட்டுச் சொல்லுங்கள். புள்ளியைப் பார்த்து டாக்டர்களே ஏமாறுகிற காயம் இது.
• கண்ணில் ஆசிட்: அங்கேயே 20 நிமிடமாவது ஓடும் தண்ணீரில் கழுவி, பிறகு புறப்படுங்கள்.
• இரும்பு அடிக்கும்போது கண்ணில் ஏதாவது பட்டால், கசக்கவோ எடுக்கவோ வேண்டாம்.
• மூடின ஷெட்டில் இன்ஜின் ஓடித் தலைவலி, வாந்தி வந்தால், வெளிக்காற்றுக்குக் கொண்டு வந்து உடனே ஆஸ்பத்திரி. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் நார்மல் காட்டினாலும் நம்பாதீர்கள். அது கார்பன் மோனாக்சைடைப் பிரித்துக் காட்டாது.

23/ அந்தப் பையன் படிப்பை முடித்துவிட்டான். போன மாதம் ஜுரத்துக்கு வந்தான். ஒரு ஷெட்டில் வேலைக்குப் போகிறான். அரை விரலோடு சின்ன நட்டைப் பிடிக்கக் கஷ்டமாக இருக்காம், வலது கையால் பழகிக்கொண்டிருக்கிறான். போகும்போது, "எங்க சார் இப்ப டெஸ்டர்கிட்ட யாரையும் விரல் நீட்ட விடறதில்ல சார்" என்றான். அதைக் கத்துக்க ஒரு விரல் விலையாகப் போயிருக்க வேண்டியதில்லை. பட்டறைக்குப் பிள்ளையை அனுப்பும் ஒரு வீட்டுக்காவது இதை அனுப்புங்கள்.