தகட்டுக்கு விலையா, ஆம்புக்கு விலையா?

பழைய ஃபெண்டர் கிடார் ஆம்ப் தேடும் அமெரிக்க ஆசாமிகளுக்கு ஒரு மூடநம்பிக்கை. 1965 ஜனவரியில் கம்பெனியை சிபிஎஸ் வாங்கியதாம், அன்றோடு சத்தம் செத்ததாம்! அடப்பாவிகளா, 1967 வரை அதே கறுப்பு முகப்புத் தகட்டோடுதானே வந்தது? அடுத்து வந்த வெள்ளித் தகட்டு டீலக்ஸ் ரிவெர்பிலும் ஆரம்பத்தில் ஏறத்தாழ அதே சர்க்யூட்தான். விலை மட்டும் தகட்டின் நிறம் பார்த்து எகிறுகிறது.

தகட்டை எவரும் மாற்றலாம். வயசைச் சொல்வது உள்ளே இருக்கும் எண்கள். கறுப்பு முக ஆம்பின் டிரான்ஸ்ஃபார்மரில் 606-6-22 என்றிருந்தால், 606 ஷூமாக்கர் கம்பெனி, 6 என்பது 1966, 22 என்பது வாரம். ஸ்பீக்கரில் 220 என்றால் ஜென்சன், 465 என்றால் ஆக்ஸ்ஃபோர்டு. இதைப் படிக்காமல் பணத்தை எண்ணுபவரை என்ன சொல்ல!

அடுத்த கூத்து, 'ஒரிஜினல்' பித்து. அரை நூற்றாண்டு தாண்டிய எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர், எர்த் இல்லாத இரண்டு முள் பிளக்... "கையே வைக்கலை சார்" என்று கூடுதல் காசுக்கு விற்கிறார்கள். மெயின்ஸிலிருந்து சேசிஸுக்குப் போகும் ஒரு குட்டிக் கெபாசிட்டர் ஷார்ட் ஆனால், கிடார் கம்பியில் கரண்ட்! மெக்கானிக்குகள் அதற்கு வைத்த பேரே 'மரணக் கெபாசிட்டர்'.

அதைக் கழற்றி எறிந்து, மூன்று முள் பிளக் போட்ட ஆம்புக்குத்தான் நியாயமாகக் கூடுதல் விலை. உயிரை விடவா ஒரிஜினல் பெரிசு?