மலைக்குரிய வண்டியும் நம் சாலையும்

தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து சில மாதச் சம்பளம் கையில் வந்ததும், நம் வீட்டு இளைஞர் விரும்பிக் கேட்கும் பொருள்களுள் ஒன்று ‘கியர் சைக்கிள்’. தடித்த டயர், முன்னும் பின்னும் ஷாக் அப்சார்பர், சக்கரத்தில் டிஸ்க் பிரேக், இருபத்தொரு கியர் என்று அதன் சிறப்புகளை அடுக்குகின்றனர். “மிதிவண்டிக்கு இவ்வளவு விலையா?” என்று பெற்றோர் திகைக்கின்றனர். இளைஞரின் ஆவலிலும் குற்றமில்லை. பெற்றோரின் தயக்கத்திலும் பொருளுண்டு. உடற்பயிற்சிக்கும் மாலை உலாவுக்கும் ஏற்ற வண்டியைக் குறைந்த செலவில் தேர்ந்தெடுப்பது எவ்வாறு என்பதை இம்மாதம் சிந்திப்போம்.

திருப்பெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலையும், 2013இல் ராயல் என்ஃபீல்டு ஆலையும் இயங்கத் தொடங்கின. வயல்களும் ஏரிகளும் சூழ்ந்திருந்த சிற்றூர்களுக்கிடையே அகன்ற தார்ச்சாலைகள் வந்தன. அச்சாலைகளில் இரவும் பகலும் கன்டெய்னர் லாரிகளும் ஆலைப் பேருந்துகளும் செல்கின்றன. ஆகவே, இங்கே மிதிவண்டி ஓட்டுபவர் எதிர்கொள்வது மலையை அன்று. தார்ச்சாலையை, வேகத்தடையை, ஓரத்து மணலை, மழைக்காலப் பள்ளத்தை, எல்லாவற்றுக்கும் மேலாகக் கனரக வாகனத்தை. வண்டியைத் தேர்ந்தெடுக்கையில் இவ்வுண்மை நம் கண்முன் நிற்க வேண்டும்.

‘மவுண்டன் பைக்’ பிறந்த வரலாற்றை அறிந்தால் தெளிவு உண்டாகும். 1970களில் அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியாவில், சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே உள்ள மரீன் பகுதிக் குன்றுகளில், இளைஞர் சிலர் பழைய தடித்த டயர் வண்டிகளைச் செப்பனிட்டு, மண் பாதைகளில் விரைந்து இறங்கி விளையாடினர். 1976இல் அங்கே ‘ரீபேக்’ என்ற இறக்கத்தில் பந்தயம் தொடங்கிற்று. ஓயாமல் பிரேக் பிடித்ததால் பின்சக்கரத்தினுள் இருந்த கிரீஸ் எரிந்து புகைந்துவிடும். ஒவ்வோர் ஓட்டத்திற்குப் பின்னும் புதிதாகக் கிரீஸ் அடைக்க வேண்டியிருந்தது. அதனாலேயே அப்பெயர் வந்தது. 1979இல் கேரி ஃபிஷர், சார்லி கெல்லி ஆகிய இருவர் இத்தகைய வண்டிக்கென்றே தனித் தொழில் தொடங்கினர். 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் இது ஒரு போட்டியாகவும் ஏற்கப்பட்டது. கல்லும் வேரும் நிறைந்த செங்குத்துப் பாதைக்காக உருவான கருவி அது என்பது இதனால் விளங்கும். அப்பாதை இல்லாத இடத்தில் அதன் சிறப்புகள் பெரும்பாலும் சுமைகளே.

குறைந்த விலை வண்டிகளில் இது இன்னும் உண்மை. நல்ல ஷாக் அப்சார்பர் ஒன்றின் விலையே ஒரு சாதாரண மிதிவண்டியின் விலையை மிஞ்சும். பத்தாயிரம் ரூபாய் வண்டியில் முன்னும் பின்னும் பொருத்தப்படுவது பெரும்பாலும் இரும்புக் குழாய்க்குள் அடங்கிய சுருள்வில் மட்டுமே. அது குலுக்கலைச் சிறிதே தணிக்கும். வண்டியின் எடையையோ மிகுதியாக்கும். மிதிக்கும்போது வில் அமுங்கி எழுவதால் கால் கொடுக்கும் வலிமையில் ஒரு பங்கு வீணாகும். மழையும் புழுதியும் பட்டு அதன் மூட்டுகள் ஆட்டங்காணத் தொடங்கினால் பழுதுபார்க்கச் சிற்றூர்க் கடைகளில் உதிரிப்பாகம் கிடைப்பதும் அரிது.

இக்காரணங்களால், நம் பகுதிச் சாலைக்கு ‘ஹைபிரிட்’ எனப்படும் கலப்பு வகையே ஏற்றது. மவுண்டன் பைக்கின் நேரான ஹேண்டில்பாரும், சாலை வண்டியின் பெரிய சக்கரமும் சேர்ந்தது இது. முன் ஃபோர்க் ஷாக் இல்லாமல் நேர்க் குழாயாக இருப்பதையே வாங்குங்கள். டயரின் அகலம் 35 முதல் 42 மில்லிமீட்டர் வரை இருப்பின் தாருக்கும் மண்ணுக்கும் பொருந்தும். கட்டை கட்டையாகப் புடைப்பு நிறைந்த டயர் தார்ச்சாலையில் இரைச்சலிட்டு இழுக்கும், அதை விலக்குக. மவுண்டன் பைக்தான் வேண்டுமென்று பிள்ளை விரும்பினால், பின் ஷாக் இல்லாததை வாங்கி, வழுவழுப்பான டயராக மாற்றிக்கொள்ளலாம்.

அடுத்து, சட்ட அளவு. கடைகளில் “26 அங்குல வண்டி, 29 அங்குல வண்டி” என்று சொல்லி விற்பது சக்கரத்தின் அளவு. ஓட்டுபவருக்கு முதன்மையானது சட்டத்தின் அளவு. அது பெரும்பாலும் 15, 17, 19 அங்குலம் எனக் குறிக்கப்படும். ஐந்தடி இரண்டு அங்குல உயரமுடையவர்க்கு 15 அங்குலமும், ஐந்தரை அடியினர்க்கு 17 அங்குலமும் ஏறக்குறையப் பொருந்தும். வண்டியை இரு கால்களுக்கிடையே நிறுத்தி, பாதங்கள் தரையில் முழுதும் பதிய நின்று பாருங்கள். மேல் குழாய்க்கும் உடலுக்கும் இடையே குறைந்தது இரு விரல் இடைவெளி வேண்டும். பின்னர் சீட்டில் அமர்ந்து, கீழே இறங்கிய பெடலில் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீண்டால் சீட்டின் உயரம் சரி. சீட்டு தாழ்ந்திருப்பதே முழங்கால் வலிக்குப் பெரும்பாலும் காரணம்.

கியரைப் பற்றி ஒரு சொல். ஏற்றம் குறைந்த இப்பகுதியில் பின்னால் ஏழு கியர் இருந்தால் மிக மிகப் போதும். முன்னால் மூன்று பல்சக்கரம் சேர்த்து இருபத்தொன்று என்பது எண்ணிக்கையில் பெரிதே தவிர, அவற்றுள் பல ஒன்றுக்கொன்று ஏறத்தாழச் சமம். கியரே இல்லாத வண்டியும் நான்கைந்து கிலோமீட்டர் உலாவுக்குத் தாராளமாகப் போதுமானது, பழுதும் குறைவு. பிரேக்கைப் பொறுத்தவரை, மழையில் டிஸ்க் பிரேக் விரைவில் பிடிக்கும் என்பது உண்மையே. ஆயினும் ரிம்மைப் பற்றும் ‘வி’ பிரேக்கின் கட்டைகள் எந்தச் சைக்கிள் கடையிலும் சிறு செலவில் கிடைக்கும். மலிவான டிஸ்க் பிரேக்கைவிட நன்கு பொருத்திய ‘வி’ பிரேக் மேலானது.

விலைக்கு வருவோம். 2025 செப்டம்பர் 22 முதல் மிதிவண்டிக்கான சரக்கு சேவை வரி 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்துள்ளது. பழைய விலைச்சீட்டுடன் நிற்கும் வண்டியாயின், புதிய விலையைக் கேட்டறிவது நம் உரிமை. பெட்டியில் வீடு தேடி வரும் வண்டி முழுதும் பூட்டப்பட்டிராது. ஹேண்டில்பாரையும் பிரேக்கையும் பழகிய கைகொண்டே பூட்டுக. முன் ஃபோர்க்கைப் பின்முகமாகத் திருப்பிப் பூட்டிவிட்டு ஓட்டுவோரும் உளர். வாங்கிய முதல் மாதத்தில் ஒயர்கள் தளரும், ஸ்போக்ஸ் கம்பிகள் அசையும். ஆகையால் ஒருமுறை கடைக்குக் கொண்டுசென்று இறுக்கிவரத் தவற வேண்டாம். அருகில் கடை இருப்பதும் ஒரு நன்மை என்று கருதி வாங்குவது அறிவுடைமை.

புதிது வாங்குமுன் வீட்டின் மூலையையும் ஒருமுறை நோக்குக. தமிழ்நாடு அரசு 2001–02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியர்க்கென விலையில்லா மிதிவண்டித் திட்டத்தைத் தொடங்கிப் பின்னர் ஏனைய மாணவ மாணவியர்க்கும் விரிவாக்கியது. பதினொன்றாம் வகுப்பில் மகளோ மகனோ பெற்ற அவ்வண்டி, பல வீடுகளில் காற்றிறங்கிச் சுவரில் சாய்ந்து நிற்கிறது. அது ஷாக் இல்லாத, கியர் இல்லாத, உறுதியான வண்டி. இரண்டு டயர், இரண்டு டியூப், புதிய பிரேக் கட்டை, ஒரு செயின், உருளைக் குண்டுகளுக்குப் புதுக் கிரீஸ்: இவ்வளவும் சேர்ந்து புதிய வண்டியின் விலையில் ஒரு சிறு பங்கே ஆகும். சட்டம் அளவாக இருந்தால் முதலில் அதையே ஓட்டிப் பழகட்டும். மூன்று மாதம் விடாமல் ஓட்டிய பின்னும் ஆவல் குன்றாதிருந்தால், அப்போது புதிது வாங்குவது வீண்செலவாகாது.

இனிச் சொல்வதே இக்கட்டுரையின் உயிர். ஷாக்கிலும் டிஸ்க்கிலும் மிச்சப்படுத்திய பணத்தைப் பெட்டியில் பூட்டி வைக்க வேண்டாம். அதைக் கொண்டு தலைக்கவசம், முன்னே வெள்ளை விளக்கு, பின்னே சிவப்பு விளக்கு, ஒளி பட்டால் மின்னும் வில்லைகள், ஒரு மணி, ஒரு பூட்டு ஆகியவற்றை வாங்குக. விளக்கில்லாத மிதிவண்டியைக் காவலர் நிறுத்திய காலம் ஒன்று உண்டு. இன்று எவரும் நிறுத்துவதில்லை. ஆனால் அன்று இருந்ததைவிட வண்டிகளின் வேகம் பன்மடங்கு பெருகியுள்ளது. இரவுப் பணி முடித்து விளக்கின்றி வரும் இளைஞனை லாரி ஓட்டுநர் காண்பது கடைசி நொடியில்தான்.

சாலைக்கும் சில விதிகள் உண்டு. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை உலாவுக்குரிய இடமாகக் கொள்ள வேண்டாம். கடக்க நேர்ந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு கடக்கட்டும். தொழிற்பேட்டை வாயில்களில் இடப்புறம் திரும்பும் நீண்ட லாரியின் பக்கத்தில் ஒருபோதும் நுழையலாகாது. ஓட்டுநர் கண்ணுக்கு அப்பக்கம் தெரியாது, பின்சக்கரங்கள் முன்சக்கரங்களைவிட உள்வாங்கித் திரும்பும். பணி முறை மாறும் நேரத்தைத் தவிர்த்து, பொழுது விடிந்தபின் ஊர்களுக்கிடையேயுள்ள சிறு சாலைகளிலும் ஏரிக்கரைப் பாதைகளிலும் செல்வதே இன்பம்.

எனவே பெற்றோரே, பிள்ளை வண்டி கேட்டால் மறுக்காதீர். உடன் சென்று பார்த்து வாங்கிக் கொடுங்கள். இளைஞரே, கண்ணைக் கவரும் வண்டியை விட்டு, உடலுக்கு அளவான வண்டியைத் தேடுங்கள். எளிய சட்டம், சீரான பிரேக், எரியும் விளக்கு: இம்மூன்றும் அமைந்த மிதிவண்டி பல்லாண்டு உழைக்கும், ஓட்டிச் சென்றவரைப் பத்திரமாக வீடு சேர்க்கும்.