மஞ்சள் குமிழ்

போன சனிக்கிழமை அக்காள் மகன் ஜார்ஜ்டவுனிலிருந்து நிபோங் திபாலுக்கு வந்தான்.

"மாமா, தாத்தாவோட லேண்ட் ரோவரை நான் எடுத்துக்கிறேன். ஃபோர் வீலைக் கழற்றிட்டு டூ வீலா மாத்திடலாம். எண்ணெய் மிச்சம், ஆட்டமும் குறையும்."

எனக்குச் சுருக்கென்றது. மழைக்காலத்தில் செம்பனைத் தோட்டத்துச் சேற்றில் புதைந்த லோரிகளை அப்பா இழுத்துவிட்ட வண்டி அது.

கொட்டகைக்கு அழைத்துப்போனேன். சீரிஸ் 3, 1971இல் வெளிவந்த ரகம். கியருக்குப் பக்கத்தில் மஞ்சள் குமிழ். அதை அழுத்தினால் முன்சக்கரங்களுக்கும் விசை போகும். தார்ச்சாலையில் இது எப்போதுமே டூ வீல்தான்! முன் அச்சின் தண்டு மட்டும் வெட்டியாகச் சுற்றும். சக்கரத்தில் ஃப்ரீ வீல் ஹப் மாட்டினால் அதுவும் நிற்கும். எதையும் வெட்ட வேண்டாம்.

ஆட்டத்துக்குக் காரணம் வேறு. துருப்பிடித்த பட்டை ஸ்பிரிங்குகள் ஒன்றோடொன்று உரசி இறுகிவிட்டன. பாரபோலிக் ஸ்பிரிங்கில் பட்டைகள் குறைவு. நடுவிலும் நுனியிலும் மட்டுமே தொடும். அதனால் மென்மையாக அசையும். ஆனால் உயரத்தைக் கூட்டாதே என்றேன். ஒருமுறை ஒரு பட்டறையில் வேறொரு வண்டியை உயர்த்தி, தண்டின் கோணம் மாறி, நெடுஞ்சாலையில் உடம்பெல்லாம் நடுங்க ஓட்டியவன் நான். இரண்டு செலவு! பெரிய மாற்றமென்றால் முதலில் ஜேபிஜே அனுமதி கேள்.

பையன் குமிழை அழுத்திப் பார்த்தான். மேலே வரவில்லை.

"எப்படி மாமா எடுக்கிறது?"

"சிவப்புக் கம்பியைப் பின்னால இழுத்து, மறுபடி முன்னால தள்ளுடா."

டக்கென்று எழுந்தது.