ஏ1 போதும் என்பவருக்கு

மட்டக்களப்பின் குருக்கள்மடத்துப் பிள்ளைக்கு ஜேர்மன் மொழியில் பட்டம் எதற்கு, ஏ1 என்ற அடிப்படைச் சோதனையில் சித்தியடைந்தால் போதுமே என்கிறார் நண்பர். விசாவுக்கு என்றால் சரிதான். ஜேர்மனியில் இருக்கும் துணையிடம் போகிறவருக்கு அடிப்படை ஜேர்மன் தெரிந்திருக்க வேண்டும் என்ற சட்டம் 2007இல் வந்தது. அதற்கு ஏ1 போதும். கடையில் விலை கேட்கவும் போதும்.

ஆனால் மொழி விசாவுக்கு மட்டுமா? மகாவம்சத்தை வைத்து இந்தத் தீவில் எவ்வளவு சண்டை! அதன் பாளி மூலத்தை 1908இல் பதிப்பித்த வில்ஹெல்ம் கைகர் ஜேர்மன்காரர். அந்நூல் பற்றிய அவரது ஆய்வு 1905இல் ஜேர்மன் மொழியில்தான் வெளிவந்தது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜேர்மன் மதபோதகர் சீகன்பால்கு எழுதி அனுப்பியவை ஹாலே நகர ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. கார்ல் கிரவுல் 1856இல் குறளை ஜேர்மனில் மொழிபெயர்த்தார். இவர்கள் நம்மைப் பற்றி எழுதியவற்றை யாராவது ஆங்கிலத்தில் சுருக்கித் தரட்டும் என்று காத்திருக்கிறோம், வெட்கம்தான்.

இதையெல்லாம் ஏ1 கொண்டு வாசிக்க முடியாது. இலக்கணம், இலக்கியம், வரலாறு என்று சில வருடம் உட்கார்ந்து படிக்க வேண்டும்.

"களனிப் பல்கலைக்கழகத்தில் ஜேர்மன் இருக்கிறதே" என்பது அவரது அடுத்த வாதம். இருக்கிறது, எங்கள் ஊர்ப் பக்கமான எழுவான்கரையிலிருந்து ஓர் இரவுப் பயணத் தொலைவில். வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் அதைப் பட்டப் பாடமாக்குங்கள் என்று எங்களோடு சேர்ந்து கேளுங்கள் ஐயா.